குமுளியில் பதினொரு ஜீப்

அத்தியாயம் 7

கௌரி மேடத்துக்கு மலைப்பாதை ஆகவே ஆகாது. வண்டிப்பெரியாரிலிருந்து குமுளிக்கு அரை மணி நேரப் பாதை. அதற்குள் மூன்று முறை வண்டியை நிறுத்தச் சொன்னார். மூன்று முறையும் தேயிலைச் செடிகளுக்குப் பக்கத்தில் குனிந்து நின்றுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, டப்பாவிலிருந்து ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாயை எடுத்து வாயில் ஒதுக்கிக்கொண்டு திரும்பி வந்தார். துப்பறிகிற ஆள் இப்படி வழியெல்லாம் வாந்தி எடுத்தால் எந்தக் குற்றவாளி பயப்படுவான் என்று வாய்விட்டே கேட்டேன்.

"வளைவுல நீ கொஞ்சம் மெதுவாப் போனா அவன் நன்னாவே பயப்படுவான், கேட்டியா," என்றார்.

நான் ஜெகன். எட்டு வருஷம் இந்த மலையில் ஜீப் ஓட்டியவன். இப்போது கௌரி மேடத்துக்கு டிரைவர், உதவியாளர், தேவைப்பட்டால் திட்டு வாங்குகிறவன். மேடம் பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். பதினைந்து வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய வண்டிகளைப் பார்த்துக் கணக்கெழுதி, ஒரு நாள் மேலதிகாரியின் மேஜையில் அடையாள அட்டையைக் கழற்றி வீசிவிட்டு வெளியே வந்தவர். அன்றிலிருந்து சொந்தமாகத் துப்பறிகிறார்.

பின் சீட்டில் முருகேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளி. அவள் புருஷன் பாண்டீஸ்வரன் பதினேழு நாட்களாகப் பீருமேட்டுச் சிறையில் இருக்கிறான்.

நடந்தது இதுதான். ஏலக்காய் பறிக்கிற எட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு காலை ஏழரை மணிக்குத் தோட்டத்துக்குப் போன அவன் ஜீப் ஒரு வளைவில் சாய்ந்து ஓடைக்குள் உருண்டது. செபமாலையம்மாள் என்கிற பெண் அந்த இடத்திலேயே இறந்துபோனார். மற்றவர்களுக்குக் கை கால் முறிவு. 'முன்சக்கரம் தானாக மடங்கியது' என்று பாண்டீஸ்வரன் சொன்னான். போலீஸ் நம்பவில்லை. ஆபத்து என்று தெரிந்தே ஓட்டினான் என்கிற பெரிய பிரிவில் வழக்குப் போட்டுவிட்டார்கள். ஜீப் முந்நூறு அடிக்குக் கீழே பாறைகளுக்குள் கிடக்கிறது. மழை நின்றால்தான் எடுக்க முடியுமாம். ஆகஸ்ட் மாதத்தில் இந்த மலையில் மழை நிற்குமா என்ன?

நாளைக் காலை பதினோரு மணிக்கு ஜாமீன் மனு விசாரணைக்கு வருகிறது. அதற்கு முன்னால் ஜீப் கம்பெனி போலீசுக்கு ஒரு கடிதம் அனுப்பிவிட்டது. அதன் நகலைத்தான் முருகேஸ்வரி பிளாஸ்டிக் பையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

மேடம் அதை வாங்கி மறுபடியும் படித்தார். கம்பெனியின் பெயர் கிரிராஜ் மோட்டார்ஸ். ஜீப்பின் பெயர் ரேஞ்சோ. முன்சக்கரத்தைத் தாங்குகிற பால் ஜாயின்ட்டில் குறை இருப்பதாகக் கண்டுபிடித்து, சில வருஷத்து ரேஞ்சோக்களை எல்லாம் கம்பெனியே 'ரீகால்' என்று திரும்ப அழைத்து இலவசமாகப் பாகம் மாற்றித் தருகிறதாம். பாண்டீஸ்வரன் வண்டிக்கு மே 12-ம் தேதி குமுளி சர்வீஸ் சென்டரில் பாகம் மாற்றியாகிவிட்டதாம். ஆகவே வண்டியில் குறை இல்லை, ஓட்டியவனிடம்தான் குறை.

"பொய், மேடம்," என்றாள் முருகேஸ்வரி. "அவுக அந்த சர்வீஸுக்கு வண்டிய விடவே இல்ல. லெட்டர் ஒண்ணுகூட எங்களுக்கு வரல."

"எப்படி வரும்? நீங்க வாங்கினது செகண்ட் ஹேண்ட் வண்டி. லெட்டர் முதல்ல வாங்கினவன் ஆத்துக்குப் போயிருக்கும். அவன் அதுல வடை மடிச்சிருப்பான்," என்றார் மேடம்.

குமுளி சர்வீஸ் சென்டர் பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஃபோர்மேன் பெயர் ரிஜின். முப்பது வயது இருக்கும். எங்களைப் பார்த்ததுமே கையில் இருந்த ஸ்பேனரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான். மேடம் கடிதத்தைக் காட்டினார்.

"மே பன்னிரண்டாம் தேதி இந்த வண்டியில பாகம் மாத்தினது யாரு?"

"கம்ப்யூட்டர்ல இருந்தா மாத்தியிருக்கும், மேடம்."

"கம்ப்யூட்டர் ஸ்பேனர் பிடிக்குமோ?"

ரிஜின் தரையைப் பார்த்தான். "ஞான் ஒண்ணும் பறயக் கூடாது. எல்லாம் சுதீப் சாருட்ட கேக்கணும். பாலக்காடு ஆபீஸ்லேந்து இன்னைக்கு நாலு மணிக்கு வரும். நாளைக்குக் கோர்ட் உண்டல்லோ."

அவ்வளவுதான். உள்ளே போய் ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்துக்கொண்டான். அந்த ஜீப்பில் வேலை எதுவும் இருந்த மாதிரித் தெரியவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. காலைப் பிடித்து இழுத்து இரண்டு போடலாமா என்று கேட்டேன். "அவன் பயந்திருக்கான். பயந்தவனை அடிச்சா இன்னும் உள்ளே போவான். வா, டீ குடிப்போம்," என்றார் மேடம்.

எதிர்த்த டீக்கடையில் சுவரில் மாதக் காலண்டர் தொங்கியது. மேடம் கடுங்காப்பியை வாங்கி வைத்துவிட்டு, கடைக்காரரிடம் கேட்காமலேயே காலண்டரை ஆகஸ்ட்டிலிருந்து மே மாதத்துக்குத் திருப்பினார். கடைக்காரர் முறைத்தார்.

"பன்னிரண்டு, திங்கட்கிழமை. சாதாரண வேலை நாள். ஆனா அந்தக் கட்டத்துல ஒரு வெள்ளை வட்டம் போட்டிருக்கே ஜெகன், அது என்ன?"

"பௌர்ணமி, மேடம்." சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு நெற்றியில் அறைந்துகொண்டேன். "அடச்சே! சித்ரா பௌர்ணமி!"

"அதுக்கு ஏன் இப்படிக் குதிக்கற?"

"மங்கலதேவி, மேடம்! கண்ணகி கோயில்! காட்டுக்குள்ள மலை உச்சியில இருக்கு. வருஷத்துக்கு ஒரே ஒரு நாள்தான் திறப்பாங்க, சித்ரா பௌர்ணமி அன்னைக்கு. சனம் முழுக்க ஜீப்புலதான் ஏறணும். விடிகாலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் குமுளில இருக்கிற ஒரு ஜீப்பும் கீழே நிக்காது. முன்கூட்டியே வண்டியைச் சோதிச்சுப் பாஸ் ஒட்டுவாங்க. காட்டுச் செக்போஸ்ட்ல ஒவ்வொரு டிரிப்புக்கும் நம்பரும் நேரமும் எழுதுவாங்க. அந்த நாள்ல ஒருத்தன் ஜீப்பை ரிப்பேருக்கு விட்டான்னா அவனுக்குப் பைத்தியம்னு அர்த்தம்."

மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாலு நாளா இந்தக் கடுதாசியை நீயும் பாத்துண்டிருக்க. எட்டு வருஷம் இங்கே ஜீப் ஓட்டினவன்."

"எங்களுக்கு அது மே பன்னிரண்டு இல்லையே மேடம். எங்களுக்கு அது சித்ரா பௌர்ணமி. எவன் தேதி பாத்தான்?"

முருகேஸ்வரியின் முகத்தில் பதினேழு நாளில் முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. "ஆமா மேடம்! அன்னைக்கு அவுக கோயிலுக்குத்தான் ஓட்டுனாக. எட்டு டிரிப் அடிச்சேன்னு ராத்திரி வந்து சொன்னாக. செக்போஸ்ட்டுல எழுதியிருப்பாக. ஐயோ, பாழாப்போன எனக்கும் தோணலியே!"

மூன்று பேரும் ஓட்டமும் நடையுமாக ஜீப் ஸ்டாண்டுக்குப் போனோம். எனக்கு அப்போதே கேஸ் முடிந்துவிட்ட சந்தோஷம். ராத்திரி வண்டிப்பெரியாரில் என்ன சாப்பிடலாம் என்று கூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஜீப் டிரைவர்கள் சங்கத்தின் செயலாளர் பழனிச்சாமி. ஐம்பத்தைந்து வயது, பெருத்த உடம்பு, அதைவிடப் பெருத்த குரல். அவரும் ரேஞ்சோதான் ஓட்டுகிறார். நான் விஷயத்தைச் சொல்லிப் பௌர்ணமிப் பட்டியலைக் கேட்டேன். அவர் அலமாரியைத் திறக்கவில்லை. முருகேஸ்வரியைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அது எதுக்குப்பா இப்ப? வேற வழி பாருங்க."

"அண்ணே, அதுதான் வழி."

"சொன்னாக் கேளு ஜெகனு. அதத் தொடாத."

மேடம் எழுந்து போய் அலமாரியைத் தானே திறந்தார். சங்கத்து அலமாரிக்குப் பூட்டு கிடையாது. செக்போஸ்ட் பட்டியலின் நகல் நாலு பக்கம் இருந்தது. விரலை வைத்து ஒவ்வொரு நம்பராகப் பார்த்தார். இரண்டாவது தடவையும் பார்த்தார். பாண்டீஸ்வரன் வண்டி நம்பர் அதில் இல்லை.

ஐந்தாவதாக ஒரு தாள் தனியாக இருந்தது. பாஸ் மறுக்கப்பட்ட வண்டிகள். அதில் ஒரே ஒரு நம்பர். மே 9, முன்சக்கரம் ஆடுகிறது, தகுதி இல்லை.

"அது எங்க வண்டி," என்றாள் முருகேஸ்வரி.

பழனிச்சாமி பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். "என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாம்மா. யாருட்டயும் சொல்லிடாதண்ணே, கண்ணகி கோயிலுக்கு லாயக்கில்லாத வண்டின்னு ஒரு பேச்சுக் கிளம்புச்சுன்னா அப்புறம் எவ என் ஜீப்புல ஏறுவான்னான். பௌர்ணமி அன்னைக்கு வண்டியத் தேயிலை ஃபேக்டரிக்குப் பின்னால ஒளிச்சு வச்சுக்கிட்டுப் பொழுதுக்கும் உள்ளயே கிடந்தான். ராத்திரி எட்டு டிரிப்புன்னு உன்ட்டப் பொய் சொன்னான்."

நாங்கள் தேடி வந்த தாள் அவனைக் காப்பாற்றுகிற தாள் இல்லை, கழுத்தை அறுக்கிற தாள். சக்கரம் ஆடுகிறது என்று மே மாதமே அவனுக்குத் தெரியும். தெரிந்தே ஓட்டினான் என்பதற்குப் போலீசுக்கு வேறு சாட்சி வேண்டாம். கம்பெனிக்கோ கொண்டாட்டம். 'ஒன்பதாம் தேதி பாஸ் மறுத்தார்கள், பன்னிரண்டாம் தேதி எங்களிடம் கொண்டு வந்தான், சரி செய்து கொடுத்தோம்' என்று அழகாகக் கதையை முடித்துவிடுவார்கள். ஊரிலுள்ள ஜீப்பெல்லாம் மலை மேல் இருந்த அன்று, கீழே நின்ற ஒரே ஜீப் அவனுடையது!

"மடையன், வடிகட்டின மடையன்," என்று கத்தினேன். "வக்கீல்ட்டயும் பொய், நம்மகிட்டயும் பொய். இவனுக்காக நாம அலையுறோம்!"

முருகேஸ்வரி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு, அதை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது. கத்தியதற்காக என்னையே நான் திட்டிக்கொண்டேன்.

மேடம் மட்டும் நார்த்தங்காய் டப்பாவைத் திறந்தார். மலைப்பாதை இல்லாத இடத்தில் அவர் அதைத் திறந்தால் மூளை ஓடுகிறது என்று அர்த்தம். "பொய் சொன்னவாள்ளாம் குத்தவாளி ஆனா ஜெயில்ல இடம் போறாது. பழனிச்சாமி, இந்த ஸ்டாண்டுல ரேஞ்சோ எத்தனை?"

"பாண்டியோடது போகப் பத்து. என்னோடது சேத்து."

"எல்லாம் செகண்ட் ஹேண்டோ?"

"இங்க எவன்மா புதுசு வாங்குவான்?"

"ஜெகன், கம்பெனி வெப்சைட்ல சேசிஸ் நம்பரைப் போட்டா அந்த வண்டிக்கு ரீகால் வேலை ஆச்சா இல்லையா, என்னிக்கு எத்தனை மணிக்கு ஆச்சுன்னு காட்டும். போய் ஒவ்வொரு வண்டியா நம்பரைப் படிச்சுப் போடு. அப்படியே கீழே குனிஞ்சு முன்சக்கரத்துப் பால் ஜாயின்ட்டைக் கையால தடவிப் பாரு. புதுப் பாகத்துல கிரீஸ் அடிக்கற நிப்பிள் கிடையாதுன்னு கம்பெனியே அந்த வெப்சைட்ல எழுதியிருக்கான். பழசுல உண்டு."

மழையில் நனைந்து, சேற்றில் புரண்டு, ஒன்றரை மணி நேரம் பத்து ஜீப்புகளுக்கு அடியில் கிடந்தேன். துப்பறிகிற வேலை என்றால் கோட்டுப் போட்டுக்கொண்டு சிகரெட் பிடிப்பது என்று நினைப்பவர்கள் ஒரு நாள் எங்களோடு வந்து பார்க்கட்டும். வெளியே வந்தபோது என்னைப் பார்த்து ஸ்டாண்டு நாய்கூடக் குரைத்தது. ஆனால் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்ததும் மேடம் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம்.

நாலேகால் மணிக்குச் சர்வீஸ் சென்டருக்குத் திரும்பிப் போனோம். பழனிச்சாமியையும் மற்ற ஒன்பது டிரைவர்களையும் அவரவர் ஜீப்போடு வந்து வெளியே முற்றத்தில் நிற்கச் சொல்லியிருந்தார் மேடம். எதற்கு என்று அவர்களுக்கு இன்னும் சொல்லவில்லை.

கண்ணாடி அறையில் சுதீப் இருந்தான். கிரிராஜ் மோட்டார்ஸின் மண்டல சர்வீஸ் மேனேஜர். நாற்பது வயது, சலவைச் சட்டை. மேடத்தின் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"நீங்க கல்பாத்தியா? அட, நான் பக்கத்துச் சாத்தபுரம்! நம்மாத்து மனுஷாளே எதிர்ல வந்து நின்னா எப்படி?"

"நான் எங்கே நிக்கறேன்? உக்காந்துண்டுதானே இருக்கேன்," என்றார் மேடம். "மே பன்னிரண்டாம் தேதி இந்த சென்டர்ல எத்தனை வண்டிக்கு ரீகால் வேலை நடந்தது?"

"அதெல்லாம் பாத்துத்தான்..."

"நான் பாத்துட்டேன். பதினொண்ணு. குமுளில இருக்கற எல்லா ரேஞ்சோவும் ஒரே நாள்ல. காலம்பற ஒன்பதரைலேர்ந்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும். வண்டிக்கு அரை மணி சொச்சம்தான். பேஷ்!"

"எங்க ஆட்கள் நன்னா வேலை செய்வா."

"செய்யட்டும். ஆனா அதே நேரத்துல அதுல பத்து வண்டி மங்கலதேவி மலை மேல இருந்திருக்கு. செக்போஸ்ட்ல டிரிப்புக்கு டிரிப் நேரம் எழுதியிருக்கா." மேடம் பட்டியலை மேஜையில் வைத்தார். "சுதீப், ஒண்ணு கேக்கறேன். கல்பாத்தித் தேர் அன்னிக்கு, தேர் நாலு வீதியும் சுத்திண்டிருக்கற நேரத்துல, அந்தத் தெருக்குள்ள பதினொரு வண்டிக்கு ரிப்பேர் பண்ணினேன்னு ஒருத்தன் எழுதினா நீங்க என்ன பண்ணுவேள்?"

சுதீப் பட்டியலைத் தன் பக்கம் இழுத்து, பக்கம் பக்கமாகப் புரட்டினான்.

"சிரிப்பேள். குமுளில யாருமே அந்தத் தேதியைத் தொட்டிருக்க மாட்டா. திங்கட்கிழமை, வேலை நாள்னு நினைச்சவன் மலைக்குக் கீழே உக்காந்திருக்கணும். பாலக்காடு ஆபீஸ்ல. இத்தனை வண்டி சரி பண்ணியாச்சுன்னு மேலிடத்துக்குக் காட்டறதுக்காகப் பதினொண்ணையும் சேர்த்து ஒரே மூச்சுல எழுதித் தள்ளியிருக்கேள். பத்துப் பொய்னா பதினொண்ணாவதும் பொய்தான். பாண்டீஸ்வரன் வண்டி அன்னிக்கு எங்கே ஒளிஞ்சிருந்தா எனக்கென்ன?"

அப்போதுதான் எனக்கே முழுசாகப் புரிந்தது. நான் இத்தனை நேரமும் தப்பான ஜீப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். மலை மேல் இல்லாத ஒரு ஜீப்பை அங்கே இருந்த பத்து ஜீப்புகள் காப்பாற்றுகின்றன.

"தேதி தப்பா விழுந்திருக்கலாம். வேலை நடந்தது நிஜம்," என்றான் சுதீப்.

"பத்து வண்டியும் வாசல்ல நிக்கறது. பத்துலயும் பழைய நிப்பிள் இருக்கு. இவன் சட்டையைப் பாருங்கோ, ஒவ்வொண்ணுக்கும் அடியில போயிட்டு வந்திருக்கான்."

சுதீப் என் சட்டையைப் பார்த்தான். பிறகு எழுந்து கதவைச் சாத்தினான். மேடத்தை விட்டுவிட்டு முருகேஸ்வரிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். குரல் இளகியிருந்தது.

"இங்க பாரும்மா. உன் வண்டிப் பதிவு மட்டும் குமாஸ்தா தப்புன்னு இப்பவே ஒரு லெட்டர் எழுதித் தரேன். நாளைக்கு உன் புருஷன் ஆத்துக்கு வந்துடுவான். நான் கியாரண்டி. ஆனா அந்த ஒரு வண்டியோட நிக்கணும். மத்த பத்து வண்டி பத்தி வெளில ஒரு மூச்சு விடக்கூடாது. ஒரு மாசத்துல நானே ஒவ்வொண்ணாக் கூப்பிட்டு மாத்திடுவேன்."

மேடம் என்னைப் பார்த்தார். நான் முருகேஸ்வரியைப் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வாங்கிக்கொள்ளம்மா என்றுதான் என் மனசு அடித்துக்கொண்டது. பதினேழு நாள் அவள் பட்ட பாட்டைக் கிட்ட இருந்து பார்த்தவன் நான். எட்டாவது படிக்கிற மகளைப் பக்கத்து லயத்து வீட்டில் விட்டுவிட்டு, வேலைக்கும் போகாமல், சிறைக்கும் வக்கீல் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தாள்.

"முடிவு உன்னோடது," என்றார் மேடம். "நீ சரின்னா நான் தடுக்க மாட்டேன்."

முருகேஸ்வரி கண்ணாடி வழியாக முற்றத்து ஜீப்புகளைப் பார்த்தாள்.

"ஒரு மாசமா?" என்றாள்.

"அதிகபட்சம்."

"நாளைக்குக் காலைல ஆறரைக்கு அந்தப் பத்து வண்டியிலயும் பொம்பளைக ஏறுவாக. செபமாலையம்மா சாவுக்குப் போயி அவுக மக கையப் பிடிச்சேன். உம் புருஷன்தான கொன்னாம்னு கையத் தட்டி விட்டா. இப்ப நான் பேசாம வாயப் பொத்திக்கிட்டு அவுகள ஜெயில்ல இருந்து கூட்டிட்டு வந்தேன்னு வைங்க, இன்னொருத்தி விழுந்தா அது நான் கொன்னதுல்ல? உங்க லெட்டர் எனக்கு வேண்டாம், சார். எம் புருஷன் இன்னும் பத்து நாளு உள்ள கிடக்கட்டும். நான் கதவத் திறக்கப் போறேன்."

திறந்தாள். நேரே முற்றத்துக்குப் போய் நின்றாள்.

"அண்ணே! உங்க பத்து வண்டியும் சரியில்ல. எங்க வண்டி மடங்குன அதே முன்சக்கரம்தான் உங்களுக்கும். சரி பண்ணியாச்சுன்னு இவுகளாப் பொய்க் கணக்கு எழுதி வச்சிருக்காக. நாளைக்குக் கோர்ட்டுல வந்து, உங்க வண்டிக்கு ஒருத்தரும் ஒண்ணும் மாத்தலன்னு நீங்க சொல்லணும்."

சுதீப் பின்னாலேயே ஓடி வந்தான். இப்போது இளக்கமெல்லாம் போய்விட்டது. "சொல்லுங்க, தாராளமாச் சொல்லுங்க! வண்டி சரியில்லைன்னு நீங்களே கோர்ட்டுல சொன்னா அன்னிக்கே பத்தையும் நிறுத்திடுவா. பாகம் எப்ப வரும்னு எனக்கே தெரியாது. ஏலக்காய் சீசன்ல மூணு மாசம் வண்டி நின்னா அடுப்புல என்ன வைப்பேள்? யோசிச்சுண்டு பேசுங்க."

டிரைவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தன் வண்டி சரியில்லை என்று ஸ்டாண்டில் எவனும் சொல்ல மாட்டான். பெண்டாட்டி ஓடிப்போனாள் என்றுகூடச் சொல்லிவிடுவான், இதைச் சொல்ல மாட்டான். பாண்டீஸ்வரன் பௌர்ணமி முழுக்க ஒளிந்து கிடந்ததும் அதற்காகத்தானே. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

பழனிச்சாமி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"சார், வணக்கம். ஜீப் பழனிச்சாமி. நாளைக்கு என் வண்டி தோட்டத்துக்கு வராது. ... காய்ச்சலெல்லாம் இல்ல சார், நான் நல்லாத்தான் இருக்கேன். வண்டி சரியில்ல. ... ஆமா சார், என் வண்டிதான். முன்சக்கரம் சரியில்ல. ... அடுத்த வாரமா? மாத்துற வரைக்கும் வராது சார். அடுத்தவன் வண்டியும் வராது, தேடாதீக."

போனை வைத்துவிட்டு சுதீப்பைப் பார்த்தார். "அடுப்புல என்ன வைக்கிறதுன்னு நாங்க பாத்துக்கிறோம்டா. நீ உன் பொழப்பப் பாரு."

இரண்டாவது ஆள் போனை எடுத்தான். பிறகு மூன்றாவது. கொஞ்ச நேரத்தில் முற்றம் முழுக்க ஒரே பேச்சு. என் வண்டி சரியில்ல சார். சரியில்ல மேனேஜரே. மூக்கைச் சிந்துகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

சுதீப் தன் காரை நோக்கி நடந்தான். "இதெல்லாம் கோர்ட்டுல நிக்காது. சக்கரம் ஆடறதுன்னு அவனுக்கு மே மாசமே தெரியும், அந்தப் பேப்பர் என்கிட்டயும் இருக்கு. தெரிஞ்சுண்டே ஓட்டினான்," என்றான்.

சும்மா சொல்லக்கூடாது, அடி சரியான இடத்தில்தான் விழுந்தது. மேடத்தின் கை நார்த்தங்காய் டப்பாவுக்குப் போனது.

"தெரிஞ்சிட்டு ஓட்டல சாரே."

ரிஜின். காலையிலிருந்து ஜீப்புக்கு அடியில் ஒளிந்திருந்தவன் இப்போது ஒர்க்ஷாப் வாசலில் நின்றிருந்தான்.

"பௌர்ணமி கழிஞ்சு மூணாம் நாள் பாண்டிச் சேட்டன் இங்க வந்தது. பாஸ் கிட்டியில்ல, சக்கரம் ஆடுதுன்னு சொல்லிச்சு. ஞான் நம்பர் அடிச்சுப் பாத்தேன். பாகம் மாத்தியாச்சு, வேலை முடிஞ்சுன்னு கம்ப்யூட்டர் காட்டுச்சு. அது பொய்யுன்னு எனக்கு அப்பவே தெரியும். பௌர்ணமிக்கு இவிடத்த ஷட்டரே நாங்க தொறக்கல்ல. சாருக்கு போன் பண்ணினேன். மிண்டாதிரு, வாயைத் திறக்காத, கம்ப்யூட்டர்ல என்ன இருக்கோ அதைச் சொல்லி அனுப்புன்னு சொன்னது சார்." அவன் சுதீப்பைக் காட்டினான். "அதனால ஞான், ஒண்ணுமில்ல சேட்டா, கம்பெனி எல்லாம் சரியாக்கியிருக்கு, வெறும் சத்தம்தான், ஓட்டிக்கோன்னு சொல்லித் திருப்பி அனுப்பிச்சேன். செபமாலையம்மா மரிச்சதுக்கு அப்புறம் ஞான் உறங்கியிட்டில்ல."

பாஸ் மறுத்ததை மூடி மறைக்கப் போய்ப் பாண்டீஸ்வரன் இதையும் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறான். மேடம் மெதுவாக ரிஜின் பக்கத்தில் போனார். "இதை நாளைக்குப் பதினோரு மணிக்குச் சொல்லுவியா? வேலை போகும், கேட்டியா."

"போகட்டே."

முருகேஸ்வரி அவனுக்கு நேரே வந்து நின்றாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன், நடுவில் போகவும் தயாரானேன். அவள் அடிக்கவில்லை.

"அன்னைக்கு அவுக என்ன சொன்னாக? வண்டியத் திருப்பிக் கொண்டு போகும்போது."

ரிஜின் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பொம்பளைங்க ஏறுற வண்டி தம்பி, இன்னொரு தடவை நல்லாப் பாத்துச் சொல்லுன்னு கேட்டது. ரெண்டு தடவை கேட்டது. ரெண்டு தடவையும் ஞான் சரின்னுதான் சொன்னேன்."

பதினேழு நாளில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. இப்போது அழுதாள். ஜீப் பானெட்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, யாரைப் பற்றியும் கவலைப்படாமல், சத்தமாகவே அழுதாள். போன் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரிஜினின் முன்கையை இறுக்கிப் பிடித்தாள்.

"இதத்தான் நாளைக்கும் சொல்லணும். செபமாலையம்மா மகளும் கோர்ட்டுக்கு வருவா. அவ காதுல விழுற மாதிரிச் சொல்லு, ஒரு வார்த்த குறையாமச் சொல்லு."